எலுமிச்சம்பழத்தோடு மேலே போன பெட்டி

போன வாரம் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்தது. அட்டையைக் கிழித்து உள்ளேயிருந்த தெர்மாகோல் பலகையை உருவினேன். கிரீச்சென்று ஒரு சத்தம். என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பலகையை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன். வாடை ஒன்றும் இல்லைதான். ஆனால் சூடான கம்பியால் அதை அறுத்தால் ஒரு வாடை வரும் பாருங்கள், தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது எனக்கு மட்டும் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைப் பக்கம் நான் படித்த பொறியியல் கல்லூரியில் விண்வெளி மன்றம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பெரிது. ஏழு மாணவர்கள், ஒரு சாலிடரிங் அயர்ன், வேதியியல் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். செயலாளர் சங்கரன், வண்ணார்பேட்டைக்காரன். அவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். எங்கள் வீட்டிலோ கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே நான்தான். அதனாலோ என்னவோ, எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. மன்றக் கூட்டத்தில் யாராவது கேலி பேசினால் அதையும் சேர்த்துக் குறிப்பெடுத்துவிடுவேன்.

ராக்கெட்டெல்லாம் எங்களுக்கு எட்டவில்லை. வானிலை பார்க்க விடுகிற பெரிய ரப்பர் பலூன் ஒன்றும், அதை விட அனுமதியும் எங்கள் பேராசிரியர் அலைந்து வாங்கித் தந்தார். பலூனுக்குக் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டி, அதற்குள் சங்கரன் அப்பாவின் கேமரா. நாங்கள் செய்த சின்ன மின்சுற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கும். மேலே போய் பலூன் வெடித்ததும், பழைய குடைத்துணியில் தைத்த சிவப்புப் பாராசூட் பெட்டியைப் பைய இறக்கிவிடும். பிலிமில் முப்பத்தாறு படம். தாமிரபரணியை வானத்திலிருந்து பார்த்த முதல் மாணவர்கள் நாங்கள்தான் என்று ஆளாளுக்கு மனசுக்குள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எடைதான் பெரிய பாடு. கேமராவின் தோள்வாரைக் கழற்றினோம். திருகாணிகளின் வாலை அறுத்தோம். பெட்டியின் சுவரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தோம்.

இதையெல்லாம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், குத்தகைக்கு எடுத்த நெல்வயல் அவருக்கு இருந்தது. வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எய்யா, அங்கன இருந்து பாத்தா நம்ம வயலு தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. காத்து இந்தப் பக்கந்தான் அடிக்கும்."

"அப்பம் நான் வயலுக்கு நடுவுல நிக்குதேன். வெள்ளத் துண்டு போட்டுக்கிட்டு. வயலோட சேத்து எனக்குன்னு ஒரு படம் கெடையாதுல்லா."

அந்த உயரத்தில் ஆள் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது மண்வெட்டியானாலும் சரி, வாடகைக்கு வந்த மருந்தடிக்கிற கருவியானாலும் சரி, மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டாமல் வேலைக்கு இறங்காது. பலூன் விடுகிற அன்று காலையில் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை நான் பிரித்ததும் சங்கரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏலே, ஊரு உலகத்துல பத்து, ஒம்பதுன்னு எண்ணுதான். நீ பழம் கட்டுத!"

"பழம் கட்டாம இது போவாது."

"திருகாணி வால வெட்டுன பயலா நீ? பழம் என்ன எடைன்னு தெரியுமாலே மூதி?"

நிறுத்தோம். அதற்கு ஈடாக எதை எடுக்கலாம் என்று பார்த்து, கல்லூரி முகவரி எழுதி வெளியே கட்டியிருந்த தகரத் தகட்டைக் கழற்றினோம். கண்டெடுப்பவருக்கு நான் எழுதிய கடிதம்தான் பெட்டிக்குள் இருக்கிறதே! பிறகு ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு குங்குமப்பொட்டு வைத்தார்கள். கடைசிப் பொட்டு சங்கரன் வைத்தது, மற்றதைவிடப் பெரியது.

பலூன் போனது. மேற்கே, மலைப் பக்கம், வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் ஆனது. கழுத்து வலிக்க நின்றுகொண்டிருந்தோம்.

பெட்டி திரும்பவில்லை. மூன்று வாரம், விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸிலும் வாடகைச் சைக்கிளிலுமாகத் தேடினோம். "வானத்துலேருந்து பெட்டி எதும் விழுந்துச்சா அண்ணாச்சி?" என்று ஒரு டீக்கடையில் கேட்டதற்கு, "பெட்டி விழலவே. எம் மாமனாரு வந்து விழுந்து கெடக்காரு, பத்து நாளாச்சு. வேணும்னா தூக்கிட்டுப் போரும்" என்று பதில் வந்தது.

வீரவநல்லூர் தாண்டி ஒரு வாழைத்தோப்பில்தான் அந்த விவசாயியைப் பார்த்தோம். சிவப்புத் துணி என்று சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"செவப்புத் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம். எவனோ எனக்குச் செய்வினை வச்சுட்டான் தம்பி. கையால தொடல. கம்பால தள்ளி, வாய்க்கா கரையில வச்சு எரிச்சுட்டு முங்கிக் குளிச்சேன். அன்னையிலேருந்து உறக்கம் கெடையாது. கூடப் பொறந்தவன் மேல சந்தேகம், அவன்கூட பேச்சே இல்ல."

எங்கள் ஏழு பேரின் ஒரு வருஷ உழைப்பு வாய்க்கால் கரையில் சாம்பலாகிக் கிடந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தபிறகு முடியவில்லை. பழம் கட்டியது நான்தான், அது படம் பிடிக்கிற பெட்டி என்று முழுதும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்பம் எவனும் எனக்கு வைக்கலியா?"

"இல்ல அண்ணாச்சி."

"எந் தம்பி வைக்கலியா?"

"இல்ல."

மடைக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. பிறகு நாங்கள் மறுக்க மறுக்க ஒரு சீப்பு பழத்தைச் சைக்கிளில் கட்டிவிட்டு, தம்பி வீடு இருந்த தெருப்பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அப்பாவின் கேமராவைப் பறிகொடுத்த சங்கரன் திரும்பும் வழியில் சைக்கிளை வேகமாக மிதித்து முன்னால் போனான். பிறகு, "ஒம் பழம் நல்லாத்தாம்லே வேல செஞ்சிருக்கு" என்றான். அதற்கு மேல் அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பாவிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"நம்ம வயலுக்கு மேலதான போச்சு?"

"போயிருக்கும்ப்பா."

"அப்பம் பாத்திருக்கும். வெயிலு ஏறுத வரைக்கும் நின்னேம்லா."

சங்கரன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியவில்லை. மன்றத்து அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்வி. வானத்திலிருந்து எடுத்த படங்கள் இப்போது கணினியிலேயே வருகின்றன. முந்தாநாள் அலுவலகத்தில் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போய் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தேன். வயல் இருந்த இடம் செம்மண் கட்டங்களாக இருந்தது. மனை போட்டுவிட்டார்கள். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைக்காகப் பிடித்து, பிறகு பெரிதாக்கிய படம். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு விறைப்பாக இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு நீலத் துணி தொங்குகிறது.