நீல பம்பும் பொன்னுரங்கத்தின் விசிலும்

நேற்று கல்மண்டபம் அருகே டிரெய்லர் லாரி வரிசையில் என் ஸ்கூட்டர் சிக்கிக்கொண்டது. முன்னால் நின்ற வண்டியின் டிரைவர், ஆஸ்துமாக்காரர்களின் நீல பம்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் நீட்டினார். அவரும் துடைக்காமல் இழுத்தார். அடப்பாவிகளா, இன்னுமா இந்தப் பழக்கம்!

ஒரு காலத்தில் நான் எண்ணூர் சாலையில் மருந்துக்கடையில் இருந்தேன். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, இருமல் மருந்து விற்ற மேதாவி. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எங்கள் வாசலில்தான் கிடக்கும். நிலக்கரித் தூளும் டீசல் புகையும் தின்று எல்லோருக்கும் இளைப்பு. பீடிக்கு நெருப்பு கேட்கிற மாதிரி பம்பைக் கேட்டு, "மாமு, ஒரு இஸ்ப்பு குட்றா" என்பார்கள்.

டிரெய்லர் டிரைவர் பொன்னுரங்கம் என் தோஸ்து. இரண்டு விரலை வாயில் வைத்து அவன் விசிலடித்தால், தூங்கிவழியும் வரிசை மொத்தமும் வண்டியைக் கிளப்பி ஒதுங்கும். வரவர விசில் பாதியிலேயே நின்றது. பம்பு மட்டும் சீக்கிரம் காலியானது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படித்த திமிரில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். மூச்சுக்குழாய்த் தசையின் செல்லில் மருந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே ஜி புரதம் விழித்துச் சேதியைக் கொண்டுபோகிறது. தசை தளர்ந்து மூச்சு வருகிறது. ஓயாமல் தட்டினால் செல் சும்மா இருக்காது. ஒரு புரதம் வந்து கதவில் குறி போடும், அரெஸ்டின் என்கிற இன்னொன்று வந்து தாழ் போடும். அப்புறம் தட்டுவது ஜி புரதத்துக்குச் சரியாகக் கேட்காது, மருந்தும் சரியாகப் பிடிக்காது. "அவசரத்துக்கு மட்டும் நீலம். தினமும் பிரவுன் பம்பு. அதுதான் உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும்" என்றேன்.

"இன்னா நைனா, எங்கைல காலேஜ் நட்த்துற? பிரவுன இஸ்தா ஒண்ணியும் தெர்லப்பா. டூப்பு மருந்து. நீலம்னா சும்மா ஜில்லுனு எறங்குது!" என்றான்.

உடனே பலன் தெரியாதது எல்லாம் டூப்பு. அந்த வரிசையின் மருத்துவ சாஸ்திரம் அவ்வளவுதான். எங்கள் முதலாளி அண்ணாச்சி அதற்கும் மேலே. "கேக்கவனுக்குக் குடுல, வியாக்கியானம் எதுக்கு?" மருந்துக் கம்பெனிக்காரர்கள் எங்களை ஏசி ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, அரெஸ்டின் தாழ் போடுவதைக் கலர் படமாகவே காட்டினார்கள். பிரியாணி போட்டார்கள். வெளியே வந்ததும், நீல பம்பு பெட்டியாக எடுத்தால் சூட்கேஸ் இலவசம் என்றார்கள். தூ!

ஒரு மதியம் வரிசையிலேயே பொன்னுரங்கத்துக்கு மூச்சு முட்டியது. கையில் புத்தம் புது பம்பு. இழுத்தான், இழுத்தான், கண் பிதுங்க இழுத்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் வந்து வரிசையின் வாலில் நின்று அலறியது. ஒருத்தனும் வண்டியை அசைக்கவில்லை. அந்த வரிசையை ஒதுக்கத் தெரிந்தவன் என் மடியில் கிடந்தான். இரண்டு விரலை வாய்வரைக்கும் கொண்டுபோனான். காற்றுதான் வரவில்லை.

அந்தக் கடை இப்போது செல்போன் கடை. அண்ணாச்சி திருவொற்றியூரில் மூன்று மாடி கட்டிவிட்டார். நேற்று அந்த டிரைவர்களிடம், "பம்பை மாத்தி மாத்தி இழுக்காதீங்கண்ணே, டாக்டரப் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு ஹாரன் அடித்தார்கள். வரிசை அசையவில்லை. இப்போது அங்கே ஹாரன் மட்டும்தான். விசிலடிக்க யாருக்கும் மூச்சு இல்லை.