குஞ்சம்மாளும் வாத்து வாயும்

கஸ்கோவை வெந்நீரில் அமிழ்த்தி எடுத்து, குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவளைப் போல மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பார் குஞ்சம்மாள். பொறுக்கிற சூடு என்றால்தான் அது டாக்டர் கைக்குப் போகும். சில்லென்று பட்டால் பெண்கள் உடம்பை இறுக்கிக்கொள்வார்களாம். கர்ப்பப்பை வாயைப் பார்ப்பதற்காக உள்ளே வைத்து விரிக்கிற கருவி அது. குஞ்சம்மாள் வைத்த பெயர் வாத்து வாய்.

"வாத்து வாயிதான் ஆத்தா, கடிக்காது. மூச்ச விடு, முடிஞ்சு போயிடும்."

குன்னத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் ஆயா, நான் நர்ஸ். அவருக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். வெங்காய வாடை போகாத கைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வாயைக் கிளறுவதும் குஞ்சம்மாள் வேலைதான். "வெள்ள படுதா? நின்னதுக்கப்பறம் மறுபடி பட்டுச்சா? வெக்கத்த வூட்டுல வச்சிட்டு உள்ள போ" என்று விரட்டுவார்.

சென்ற ஆயுத பூஜைக்குக் கருவிகளையெல்லாம் மேசையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைக்க அவரைக் கூப்பிட்டோம். வருடா வருடம் அவர் செய்வதுதான். அன்று வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"நீங்களே வச்சிடுங்க சிஸ்டரு. நான் வூட்டுக்குத் தூரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில்தான் அத்தனையையும் கழுவி அடுக்கியிருந்தார். கழுவும்போது இல்லாத தீட்டு பொட்டு வைக்கும்போது வருமா? பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது நின்று பல வருடம் ஆகிறது.

"எப்பலேருந்துக்கா?"

"தை மாசத்துலேருந்து வருது, போவுது. சூட்டு ஒடம்பு. வெந்தயம் ஊற வச்சுக் குடிக்கிறேன்."

ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற வாய்! ஆத்திரத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பாவி மனுஷி தலையைக் குனிந்துகொண்டார். "அறுத்துட்டு நிக்கிறவளுக்கு மறுபடி படுதுன்னா நாலு பேரு என்னத்த பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க."

அந்த வாரமே அவரை இழுத்துவந்து மேசையில் படுக்க வைத்தேன். டாக்டர் புவனேஸ்வரி அரட்டை அடித்துக்கொண்டே பார்ப்பவர். பாதியில் பேச்சு நின்றது. விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக் குனிந்து பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

வாய் தவறி வந்துவிட்டது. புற்று என்று சந்தேகம் தட்டினால் மட்டும் அவர் கேட்கிற கேள்வி அது. அதைக் கேட்டதும் வெளியே ஓடி, மகனையோ மகளையோ உள்ளே அழைத்து வருவது குஞ்சம்மாள்தான். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

குஞ்சம்மாள் படுத்தபடியே கழுத்தைத் திருப்பி, திரைக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.