முனவ்வறா எடுத்துக்கொடுத்த சின்னப் பலகை

முனவ்வறாவின் இடது புருவம் இரண்டாகப் பிளந்து தைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிளந்தது அலைப்பலகையின் அடியில், மீனுக்கு இருப்பதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் செட்டை. பலகையை வீசியவன் கல்யாணம் முடித்து மூன்று மாதமேயான ஒரு மாப்பிள்ளை.

முனவ்வறாவும் கணவன் மர்சூக்கும் சாய்ந்தமருதுக் கடற்கரையில், அலையில் பலகை ஓட்ட வருகிறவர்களுக்காக ஒரு வேக்சேர்ஃப் போட் வைத்திருக்கிறார்கள். மர்சூக் துபாயில் பழகிவந்த தொழில் அது. ஆனால் சுக்கான் பிடிப்பவள் முனவ்வறாதான். வாப்பாவோடு மீனுக்குப் போய் வளர்ந்தவள். ஒரு பக்கம் பாரம் ஏற்றி மெதுவாக ஓட்டினால் போட்டுக்குப் பின்னால் ஓர் அலை எழும்பிக் கூடவே வரும். போட்டில் கட்டிய கயிற்றைப் பிடித்து எழும்பி, பிறகு கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையில் பலகைமேல் நிற்க வேண்டும். புதியவருக்கு நீளமான, தடித்த பலகை. பழகியவருக்குக் குட்டையான, மெல்லிய பலகை. மாற்றிக் கொடுத்தால் பல்லுப் போகும்.

வருகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை முனவ்வறா நம்புவதில்லை. பெண்களை மணலில் நிற்கவைத்து முதுகில் மெல்லத் தள்ளுவாள். ஆண்களை மர்சூக் தள்ளுவான். எந்தக் கால் முன்னே வருகிறது, முழங்கால் எப்படி மடிகிறது என்று பார்த்துத்தான் பலகை.

அன்று நாலு பேர் வந்தார்கள். பாயிஸ், அவருடைய மனைவி ஸப்னா, பாயிஸின் தம்பி ஸஜாத், அவனுடைய புதுப்பெண்டாட்டி ஸம்றா. பாயிஸ் பெந்தோட்டையில் கொஞ்சம் பழகியவர், அவருக்கு நடுத்தரம். ஸப்னாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம், அவளுக்குப் பெரிய பலகை. ஸஜாத் தனக்கு எல்லாம் தெரியும் என்றான். மர்சூக் தள்ளியதும் கைகளை விரித்துக்கொண்டு மணலில் விழுந்தான். அவனுக்கும் பெரியதுதான். முகம் கறுக்க வாங்கிக்கொண்டான்.

ஸம்றாவைத் தள்ளியபோது கால் பிசகவில்லை. முழங்கால் தானாக மடிந்து இடுப்பு தாழ்ந்தது.

"தங்கச்சி, நீ நல்லாப் பழகின ஆள்தானே!" முனவ்வறா சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னாள். "பெரிசு உனக்குச் சரிவராது. இந்தச் சின்னதப் புடி."

"இல்ல ராத்தா, எனக்கு ஒண்டும் தெரியா. பெரிசையே தாங்க."

அவள் கண்கள் ஸஜாத்தின் பக்கம் போய்வந்து கெஞ்சின. முனவ்வறா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, சின்னப் பலகையை அவள் கையில் திணித்தாள்.

கடலில் ஸஜாத் எழும்புவதும் விழுவதுமாக இருந்தான். மூக்கில் இரத்தம் வந்தபிறகே போட்டில் ஏறினான். அடுத்து ஸம்றா இறங்கினாள். விழ வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பிறகு அவளே அப்படிச் சொன்னாள். உடம்பு கேட்கவில்லை. எழும்பினாள், கயிற்றை விட்டாள், அலையில் நின்றாள். தன்னை மறந்து சிரித்தாள். ஸப்னா கைதட்டினாள்.

ஸம்றா போட்டில் ஏறியதும் ஸஜாத் கேட்டான்: "எங்க பழகின?"

"அறுகம்பே அலையில. லீவுக்குச் சாச்சாட வீட்ட போகக்குள்ள, அவர்ர புள்ளையளோட..."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

பதில் வருமுன் அறை விழுந்தது. அவள் தலை இரும்புக் கம்பியில் மோதியது. தலைத்துணியோடு முடியைப் பிடித்து இழுத்து, வயிற்றில் உதைத்தான். முனவ்வறா எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ந்தாள்.

"கைய எடுடா! இது என்ட போட்!"

பின்னாலிருந்து பிடித்த மர்சூக்கின் தொண்டையில் ஸஜாத்தின் முழங்கை இறங்கியது. மர்சூக் மூச்சுத் திணறிச் சரிந்தான். முனவ்வறா ஸஜாத்தின் கையை இரத்தம் வரும்வரை கடித்தாள். அவன் பெரிய பலகையைத் தூக்கி வீசினான். செட்டை புருவத்தில் பாய்ந்து, அவளது ஒரு கண் இரத்தத்தால் மூடிக்கொண்டது.

"கடல்ல பாய் தங்கச்சி! கரைக்குப் போ!"

ஸம்றா சின்னப் பலகையோடு கடலில் குதித்தாள். குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"போட்டத் திருப்பு. அவள மறிக்கணும்," என்றான் ஸஜாத்.

"ஏலா. திருப்ப மாட்டன்."

"திருப்புடி! இல்லாட்டி கொன்னு போட்டிருவன்."

முனவ்வறா சாவியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அடித்த அடியில் அவளுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. தலையைப் பிடித்து எஞ்சின் மூடியில் திரும்பத் திரும்ப மோதினான். பாயிஸ் அதுவரை "டேய், போதும்டா" என்று சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்.

"அவ மவுத்தாகப் போறா! எழும்புங்க!" என்று ஸப்னா அலறி அவரை நெஞ்சில் குத்தினாள். அப்போதுதான் எழும்பினார். அவரும் மூச்சுத் திரும்பிய மர்சூக்கும் தம்பியைக் கீழே அமுக்கி நங்கூரக் கயிற்றால் கட்டினார்கள். மீனுக்குப் போய்த் திரும்பிய வள்ளம் ஒன்று போட்டைக் கரைக்கு இழுத்துவந்தது. ஸம்றா அதற்குள் ஒரு ஓட்டோவில் ஏறி மருதமுனைக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பாயிஸ் வந்தார். "அல அடிச்சி விழுந்த எண்டு சொல்லுங்க. புதுக் குடும்பம், உடைஞ்சிரும்."

மர்சூக் தலையைக் குனிந்தான். முனவ்வறா குனியவில்லை. "உடைஞ்சது என்ட விலா. நான் கண்டதத்தான் சொல்லுவன்."

பொலிசில் சொன்னாள். ஸம்றா விவாகரத்துக் கேட்டபோது, விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியார் முன்னாலும் போய்ச் சொன்னாள். அங்கே வெளியே காத்திருந்தபோதுதான் ஸம்றா, அந்த நாளுக்குப் பிறகு முதன்முதலாக, அவளோடு பேசினாள்.

"நான் எவ்வளவு கெஞ்சின. ஏன் ராத்தா சத்தமாச் சொன்னீங்க?"

முனவ்வறா அழுதாள். "எனக்கு விளங்கல்ல தங்கச்சி. உன்ட கால மட்டும்தான் பாத்தன்."

ஸம்றா எழும்பிப் போய்த் தள்ளி உட்கார்ந்தாள்.

ஸஜாத்தின்மேல் போட்ட அடிதடி வழக்கு இன்னும் நடக்கிறது. விவாகரத்துக் கிடைத்த அன்று இருவரும் ஒரே ஓட்டோவில் திரும்பினார்கள். மருதமுனையில் ஸம்றா இறங்கினாள். நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா சோறாக்கி வெச்சிருக்கா. இறங்குங்க ராத்தா."

முனவ்வறா விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.