வரியில்லாத தீவில் ஒரு பாத்திரக்கடை

என் கணவருக்கு இரண்டே விஷயம் ஆகாது. ஒன்று பல்வலி, இன்னொன்று விற்பனை வரி. பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடப்பார். வரி என்றால் வாய் மூடாது. திருத்தணியில் மலைக்குப் போகிற பஜார் தெருவில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை. பித்தளையை எவர்சில்வர் ஓரங்கட்டிக்கொண்டிருந்த எழுபதுகள் அது. வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து பில் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போனால், அன்றைக்கு வீட்டில் சாம்பார் சரியில்லை, ரசம் சரியில்லை, நான் சரியில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்த பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ஒருவர் வாயை விட்டார். அவருக்கு அந்தமானில் மர டிப்போவில் வேலை. அந்தத் தீவில் விற்பனை வரி என்பதே கிடையாதாம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். என் கணவர் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெய்யாலுமா, மெய்யாலுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணி முடிவதற்குள் கடைச் சரக்கில் பாதியை வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடைத்து, மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரி ஏற்றிவிட்டார். ஏற்பாடு இதுதான். அவர் முதலில் போய் போர்ட் பிளேரில் கடை போடுவார். தை பிறந்ததும் திருத்தணிக் கடையின் சாவியை, அதை எடுத்து நடத்தப்போகிற பள்ளிப்பட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நானும் மகளும் கப்பலேற வேண்டும். அதுவரை கடை என் பொறுப்பு. அங்கே யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "எல்லாம் கவர்மென்ட் சம்பளக்காரங்க. வாங்காம இன்னா பண்ணுவாங்க?" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் துடைத்து அடுக்கிய கடை அது. அதை வேறு ஒருவர் கையில் கொடுப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன், பேசாமல் இருந்தேன், மறுபடியும் கத்தினேன். அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

போன இடத்திலிருந்து கடிதம் போடுவார். வியாபாரம் ஜோராக நடக்கிறது, வரித் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருக்கிறேன், தையில் தயாராக இரு. வேறு வழியில்லாமல் நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். இதற்கிடையில் பெயர் வெட்டவும் பழகிவிட்டேன். பெயர் வெட்டாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரம் வாங்கிப் போக மாட்டார்கள். விசேஷ வீட்டில் நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடந்தால் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. முன்பெல்லாம் அவர்தான் வெட்டுவார். உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து ஒரு ஓட்டைச் சொம்பில் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன்.

தையில் முதல் முகூர்த்தம். மலைமேல் ஏகப்பட்ட கல்யாணம். வெளியூர்க்காரர்கள் சீர்ப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு வர மாட்டார்கள். மேலே தாலி கட்டி முடித்து, கீழே இறங்கி வந்து, எங்கள் தெருவிலேயே வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்கும் கடை நிறையக் கூட்டம். மறுநாள் பள்ளிப்பட்டுக்காரர் சாவி வாங்க வருவதாக இருந்தது. கடைசி வியாபாரம் என்று நினைத்துக்கொண்டே ஒரு மணப்பெண்ணின் பெயரைத் தாம்பாளத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். சொந்த ஊர் திருவாலங்காடு, வீட்டுக்காரருக்கு வேலை அந்தமானில், கல்யாணத்துக்காகக் கப்பலில் வந்திருக்கிறோம் என்றார்.

நான் தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தேன். தெரியாதவள் மாதிரி, அங்கே வரிகூட இல்லையாமே, பாத்திரக்கடை எதுவும் கிடையாதா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குதுங்க. இந்த ஊரு ஆளுதான் புதுசா போட்டிருக்காரு. பாவம், சும்மா குந்திகினு இருக்காரு. அங்க யாருங்க சீர்ப் பாத்திரம் வாங்குவாங்க? கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் எல்லாரும் கப்பலேறி ஊருக்கு வந்துடறோம். வாங்கறதெல்லாம் இங்கதான்."

உளி சறுக்கிப் பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. அந்தத் தாம்பாளத்தை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தேன். இத்தனை வருஷம் கடை நடத்திய ஆளுக்கு, பாத்திரக்கடை கல்யாணத்தால்தான் ஓடுகிறது என்று தெரியாமல் போயிற்றே! வரியைப் பார்த்தார், முகூர்த்தத்தைப் பார்க்கவில்லை. ஜோராக நடக்கிறதாம். எதிரில் இருந்திருந்தால் சுத்தியலை வீசியிருப்பேன். ஆனால் ஆளே வராத கடையில், பேச்சுத் துணைகூட இல்லாமல் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரிய அண்டா ஒன்றுக்குள் தலையை விட்டுத் துடைப்பதுபோல அழுதேன்.

அவர் என் கணவர் என்று அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. தெரிந்தவர்தான் என்றேன். திரும்பிப் போனதும் அவரிடம் ஒரு சேதி சொல்ல முடியுமா என்று கேட்டேன். "திருத்தணிக் கடையில கூட்டம் தாங்கலியாம், ஒண்டியா சமாளிக்க முடியலியாம், உடனே வரச் சொன்னாங்கன்னு சொல்லுங்க." அந்த அம்மாள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆங், சொல்லிடறேம்மா," என்றார். அதற்கப்புறம் எதற்கும் பேரம் பேசவில்லை.

மறுநாள் பள்ளிப்பட்டுக்காரர் வந்தார். சாவி கிடையாது என்றேன். ஆம்பளை கொடுத்த வாக்கு என்ன ஆச்சு என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டார். வாக்குக் கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள், கப்பல் மெட்ராஸிலிருந்துதான் புறப்படுகிறது என்று நானும் கத்தினேன். அவர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் என் கணவர் வந்து சேர்ந்தார். கறுத்து இளைத்திருந்தார். பின்னால் மாட்டுவண்டியில் அதே பெட்டிகள். பாதிக்கு மேல் கயிறுகூட அவிழ்க்கவில்லை. கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"அங்க வியாபாரம் பிச்சிகினு போச்சு. நீ ஒண்டியா கஷ்டப்படறேன்னு சொல்லி வுட்டியே, அதான் மூடிட்டு வந்துட்டேன்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை, பஜாருக்கே தெரியும். கேட்க வேண்டியது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரே கூட்டம், என்னால முடியல," என்றேன்.

கடையில் அப்போது என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் காலியாகக் கிடந்த கடையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.