செத்த கன்றின் சட்டை

ஆர்லிஸ் டோர்கர்சன் மாடுகளுக்குப் பெயர் வைக்கமாட்டாள். விற்கப்போகிற ஜீவனுக்குப் பெயர் எதற்கு என்பாள். காதில் தொங்கும் எண்ணே போதும். மொன்டானாவில், எங்கள் பள்ளத்தாக்கில், அவளைப் போலக் கறாரானவள் இன்னொருத்தி கிடையாது. புருஷன் போன பிறகும் மந்தையை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தாள். பக்கத்துப் பண்ணைக்காரியான நான் அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மார்ச்சில் ஓநாய் இறங்கி அவள் கன்று ஒன்றை அடித்துப் போட்டது. ஓநாய்தான் என்று அரசாங்க ஆள் பார்த்து எழுதிக் கொடுத்தால் நஷ்டஈடு உண்டு. அது வந்தால்தான் வைக்கோல் பாக்கி தீரும். இல்லையென்றால் தாய்ப்பசு ஒன்றை விற்றாக வேண்டும். ஆள் வரும்வரை செத்ததைத் தொடாமல் தார்ப்பாயால் மூடிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆர்லிஸ் தொட்டது மட்டுமில்லை, தோலையே உரித்துவிட்டாள்.

கொட்டகையில் தாயில்லாத கன்று ஒன்று பசியில் கத்திக்கொண்டிருந்தது. வெளியே, கன்றைப் பறிகொடுத்த பசு மடி கனத்துக் கதறியது. செத்த கன்றின் தோலை மற்றதற்குச் சட்டையாக மாட்டினால், பசு முகர்ந்து பார்த்துத் தன் பிள்ளை என்றே சேர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். கைப்பழக்கத்தில் செய்துவிட்டாள், தார்ப்பாய் ஞாபகமே வரவில்லை. உரித்த உடலை அண்டங்காக்கைகள் கொத்தித் தீர்த்தன.

மதியம் அரசாங்க ஆள் வேட் ப்ரூயிட் வந்தார். எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"தோல் எங்கம்மா?"

"அதோ, பால் குடிச்சிட்டு நிக்குது," என்றாள் ஆர்லிஸ்.

"உசுரோட இருக்கும்போது கடிச்சிருந்தா தோலுக்கு உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கும். அதைப் பாக்காம நான் எதைன்னு எழுதுறது?"

"கழட்டினா பசு இதைக் கிட்ட சேக்கமாட்டா. இப்பத்தான் மடியில விட்டிருக்கா. காசு போனாப் போகுது தம்பி. கழட்டமாட்டேன்."

அரசாங்கத்து ஆள்தானே, வண்டியைத் திருப்பிக்கொண்டு போகப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சாணியில் மல்லாக்கப் படுத்து, கன்றின் அடியில் நகர்ந்து, ஒரு கயிற்றை மட்டும் தளர்த்தித் தோலின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"பாத்துப்பா! அவ மிதிச்சா உனக்கு யாரு நஷ்டஈடு குடுப்பா?" என்றேன்.

"ஓநாய் இல்ல, பசுதான்னு நீங்க எழுதிக் குடுங்க."

பசு குனிந்தது. கன்றின் முதுகை நக்கியது. அப்படியே அவருடைய வழுக்கையையும் நக்கியது.

"உன்னையும் சேத்துக்கிட்டா," என்றாள் ஆர்லிஸ்.

"ரத்தம் கட்டியிருக்கும்மா," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "பல் இறங்கின இடமெல்லாம் கருத்துக் கிடக்கு. ஓநாய்தான்." படம் எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பழையபடி அவரே முடிந்துவிட்டார்.

ஆர்லிஸ் அந்தப் பக்கம் திரும்பிக் கையுறையால் முகத்தைத் துடைத்தாள். வாழ்நாளெல்லாம் அரசாங்கத்தைத் திட்டிய எனக்கு அன்று அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாணி நாற்றம்தான் தடுத்தது.

பணம் வந்தது, வைக்கோல் பாக்கி தீர்ந்தது. இலையுதிர் காலத்தில் கன்றுகளை லாரியில் ஏற்றியபோது தோல்சட்டை போட்டிருந்த அந்த ஒன்றை மட்டும் ஆர்லிஸ் ஏற்றவிடவில்லை. அந்த வழியாக வந்த வேட் வேலியோரம் நின்று விசாரித்தார்.

"அது ஏம்மா நிக்குது?"

"வேட் இங்கதான் இருக்கும்."

"யாரு?"

"அது பேரு வேட்."

"பொட்டக் கன்னும்மா அது!"

"தெரியும் தம்பி," என்றாள் ஆர்லிஸ். "விக்காத மாட்டுக்குப் பேரு வைக்கலாம்."