அவர் மணிக்கட்டு தொங்கிய காலை

என் வீட்டுக்காரர் என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் காலை எழுந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில், இரண்டு கையாலும் கத்தி பிடித்துத் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டுவது அவர் வேலை. அன்று கத்தி கையில் நிற்கவில்லை. "பெருநோயா இருக்கப்போவுது, வூட்டுக்குப் போ" என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். தொழுநோய் எனக்கும் ஒட்டிவிடுமோ என்று அவர் தன் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காட்பாடியில் ரயிலிறங்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முழங்கை நரம்பைத் தடவினார். உணர்ச்சி இருக்கிறதா என்று இறகால் விரல்களை வருடிப் பார்த்தார்.

"பெருநோய் இல்ல. மேல்கை எலும்பைச் சுத்தி வர்ற நரம்பு அழுந்தியிருக்கு. தூங்கறப்போ கைமேல என்ன பாரம்?"

அவர் தலைகுனிந்தார். "இவ தலைதாம்மா. ஜொரத்துல இவளுக்குத் தூக்கமே இல்ல. முந்தாநாள் ராத்திரி அப்பதான் கண்ணசந்தா."

"மரத்துப்போனது தெரியலையா?"

"தெரிஞ்சுது. கைய இழுத்தா முழிச்சுக்குவாளே."

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பியதும் அவர் பாயை என் பக்கம் இழுத்துப் போட்டு, இடது கையை நீட்டினார். "இது நல்லாத்தான் கீது. படு."

அக்காவிடம் அந்தக் குறையை நான் அப்புறம் சொன்னதே இல்லை.