ஆலமரத்தடிக் குடித்தனம்

என் ஆலமரத்தின் உயரம் ஒரு சாண். வெள்ளவத்தையில் எங்கள் கீழ்மாடி வீட்டு வரவேற்பறையில், மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. வெளிநாடுகளில் இப்படியான பெட்டிகளுக்குள் நீலமும் மஞ்சளுமான நச்சுத்தவளைகளை விட்டு, நடுவே போன்சாய் மரமும் வளர்ப்பதைக் கைபேசியில் பார்த்த நாளில் பிடித்த பைத்தியம் இது. தவளை வேண்டாம், மரம் போதும் என்றுதான் தொடங்கினேன். பல் வைத்தியரிடம் தாதியாக வேலை செய்வதால் பழைய இடுக்கிகளுக்குப் பஞ்சமில்லை. பாசி பதிப்பதும் தளிர் கிள்ளுவதும் அவற்றால்தான்.

தவளைகள் தாமாகவே வந்தன. நுகேகொடையில் வாங்கிய பாசித் தட்டுக்குள் ஒளிந்திருந்திருக்க வேண்டும். கட்டைவிரல் நகமளவில், மண்ணிறத்தில் இரண்டு.

"உது என்ன அரியண்டம்? தவளையெண்டாலே எனக்கு உடம்பு கூசும்," என்றார் என் கணவர்.

"இஞ்சருங்கோ, அது சோறோ கேக்குது? நுளம்பைத்தானே தின்னுது," என்றேன். அவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மற்ற மூலையில் போட்டார்.

நுளம்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். டெங்குக்குப் புகை அடிக்க வரச்சொல்லிச் சுகாதாரப் பகுதிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுப்பார்.

மரத்துக்கு வேர் வெட்டும் காலம் வந்தது. வெட்டாவிட்டால் போன்சாய் மதாளித்து வளர்ந்துவிடும், ஐந்து வருஷ உழைப்பு பாழ். ஒரு சனிக்கிழமை காலை மரத்தை மெல்லத் தூக்கினேன். வேருக்கடியில், வேகவைத்த சவ்வரிசிபோல முட்டைகள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். மரத்தைத் திரும்ப இறக்கியபோது முட்டைகள் கண்ணாடியோரமாக ஒதுங்கின. இந்த இனத்துக்கு வாலோடு நீந்தும் வாற்பேத்தைப் பருவமே கிடையாதாம். முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகிவிடுமாம்.

மூன்றாம் கிழமை பார்த்தால், மூலைக் கதிரைக்காரர் மூக்குக்கண்ணாடியோடு பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார்.

"இஞ்சை வாரும், உள்ளுக்குக் கால் ஆடுது!"

எண்ணிப் பார்த்தார். பதின்மூன்று. அதன்பிறகு தினமும் எண்ணிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். என் மரமோ கண்டபடி வேர்விட்டு, கிளை பரப்பி, அழகு குலைந்துகொண்டிருந்தது. எனக்குக் கவலைதான், ஆனாலும் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புகைக்காரர் வந்தார்கள். ஒழுங்கை முனையில் இயந்திரம் இரைந்தது. வீட்டுக்குள்ளும் அடிப்பார்கள். அந்த மருந்து பட்டால் முட்டைகள் தப்பாது. பெட்டியை எங்கள் இருவராலும் அசைக்கக்கூட முடியவில்லை.

"நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். தம்பி முறை சொல்லி 'மல்லி' என்று தொடங்கி, எங்கள் பக்கம் அடிக்க வேண்டாம் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டார். முறைப்பாடு செய்த வீடே இதுதானே என்றான் முகமூடி போட்டவன்.

ஓம், தான்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

எத்தனை பேர் என்று அவன் கேட்டான்.

பதின்மூன்று பேர் என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போனான்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருஷம். வைத்தியர், கோயில், நேர்த்தி எல்லாம் பார்த்து ஓய்ந்து, இருவராகவே இருந்துவிட்டோம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவர் வாயால் கேட்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் உள்ளே வந்து யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"கண்ணைத் துடையும். பெட்டிக்குத் தண்ணி தெளிக்கவேணும் எல்லோ," என்றார்.